பெண்கள் பக்கத்து டிவி

சனோபருக்கும் எனக்கும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லும்போது சொந்தக்காரி என்று நினைத்துக்கொள்வீர்கள். நான் இலஞ்சியில் மைக் செட் வைத்திருப்பவன். பெயர் கணேசமூர்த்தி. தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வரைக்கும் கல்யாணம், காதுகுத்து, கந்தூரி, கோயில் கொடை எதுவானாலும் நம்ம செட்டுதான் பாடும். சனோபர் தென்காசியில் கல்யாண மண்டபங்களில் பெண்கள் பக்கம் டிவி வைக்கிறவள். ஒரே மண்டபத்தில் ஒரே பிளக் பாயிண்டுக்கு நாங்கள் இருவரும் போட்ட சண்டையை வாட்ச்மேன்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

முஸ்லிம் கல்யாணத்துக்குப் போய்ப் பழக்கம் இல்லாதவர்களுக்காக ஒரு விஷயம். நிக்காஹ் ஆண்கள் பக்கம் நடக்கும். ஹஜ்ரத் ஓதுவார், பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மகளைக் கொடுப்பார், மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்பார். மண்டபத்துக்கு நடுவில் ஒரு துணித் திரை தொங்கும். அதற்கு அந்தப் பக்கம் மணப்பெண், அவளுடைய உம்மா, மற்ற பெண்கள். அவர்களுக்கு என் ஸ்பீக்கர் வழியாகச் சத்தம் போகும். நிக்காஹ் முடிந்ததும் பேரீச்சம்பழத் தட்டு போகும். தட்டு வந்துவிட்டால் கல்யாணம் முடிந்தது என்று அர்த்தம். இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. யாரும் என்னிடம் வந்து குறை சொன்னதில்லை, சனோபர் வரும்வரை.

அவளுடைய வாப்பா தறி நெய்தவர். இவள் பன்னிரண்டாவது முடித்துவிட்டு, டைப்ரைட்டிங் பாஸ் பண்ணி, தென்காசியில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் வேலைக்குப் போனாள். கம்ப்யூட்டர் அங்கே பழகியதுதான். பிறகு ஹம்தானுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவர் சவூதியில் தம்மாமில் ஏசி மெக்கானிக். வருவார், போவார். இவள் இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு வீட்டிலிருந்தே பத்திரிகை அடித்துக் கொடுத்தாள். அடக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. "தென்காசியில என்னை மாதிரி பத்திரிகை அடிக்க ஆளு கெடையாது" என்று யாரும் கேட்காமலேயே சொல்லுவாள். கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் அதை ஒரு பொம்பளைப் பிள்ளையாகப் பாவித்துத் திட்டுவாள். "ஏட்டி, உனக்கு என்னட்டி கொறச்சல்" என்று அவள் கத்துவதைக் கேட்டு, வீட்டுக்குள் யாரோ மருமகள் இருக்கிறாள் என்று நான் முதலில் நினைத்ததுண்டு.

மூத்த மகள் சஃப்ரினின் கல்யாணம்தான் அவளை இந்தத் தொழிலுக்கு இழுத்து வந்தது. குற்றாலத்தில் சீசன் களை கட்டியிருந்த நேரம். மண்டபத்துக்கு மேலே தகரக் கூரை. ஹஜ்ரத் ஓத ஆரம்பித்தபோது மழை பிடித்தது. தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அன்றைக்கு மைக் செட் என்னுடையது இல்லை, ஆலங்குளத்து ஆள் ஒருவருடையது. என்னுடையதாக இருந்திருந்தாலும் அந்த மழைக்கு ஒன்றும் கிழித்திருக்க முடியாது. திரைக்கு அந்தப் பக்கம் சனோபர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் பேரீச்சம்பழத் தட்டு வந்தது. அதைப் பார்த்துத்தான் தன் மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஹம்தானிடம் கேட்டாளாம், நிக்காஹ் எப்படி நடந்தது என்று. அவர் "நல்லா நடந்துச்சு" என்றாராம். வேறு என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறாள். "அதான் சொல்லுதேன்லா, நல்லா நடந்துச்சு" என்றாராம். பெற்ற மகளின் கல்யாணத்தைப் பற்றி அவளுக்குக் கிடைத்தது இந்த இரண்டு வார்த்தைதான். இதை என்னிடம் சொல்லும்போதெல்லாம் அவளுக்குக் கண் கலங்கும், உடனே கோபம் வரும், அந்தக் கோபத்தை என் பிளக் பாயிண்டின் மேல் காட்டுவாள்.

அதற்குப் பிறகுதான் ஆலங்குளத்தில் மூடிப்போன ஒரு பேக்கரியிலிருந்து பில் போடுகிற கம்ப்யூட்டரை வாங்கி வந்தாள். பழசு. கடைக்காரர் அதோடு ஒட்டியிருந்த சின்னத் திரையைக் கழற்றிக்கொண்டு பெட்டியை மட்டும் கொடுத்தார். ஆண்கள் பக்கம் இரண்டு கேமரா வைத்தாள். ஒன்று மேடையைக் காட்டும், இன்னொன்று கைகளைப் பக்கத்தில் காட்டும். இரண்டும் அந்தப் பெட்டிக்கு வரும். எந்த நேரத்தில் எதைக் காட்ட வேண்டுமோ அதை இவள் மாற்றி மாற்றிப் பெண்கள் பக்கத்து டிவிக்கு அனுப்புவாள். கீழே மாப்பிள்ளை பெண் பெயர் ஓடும். முதலில் முகம் சுளித்த ஜமாஅத்துப் பெரியவர்களே பிறகு தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். தென்காசியிலும் கடையநல்லூரிலும் எத்தனையோ உம்மாமார் தங்கள் மகள் நிக்காஹைக் கண்ணால் பார்த்தது இவள் புண்ணியத்தில்தான். இவள் மட்டும் தன் மகளுடையதைப் பார்க்கவில்லை. இனிப் பார்க்க வேண்டுமென்றால் பாக்கி இருந்தது இளையவள் அஃப்ரினின் கல்யாணம் ஒன்றுதான்.

அந்தக் கல்யாணம் போன சீசனில் வந்தது. மாப்பிள்ளை ரிஃபாத், புளியங்குடிப் பையன். சனோபர் பிடிவாதமாக அதே தகரக் கூரை மண்டபத்தையே பிடித்தாள். வேறு மண்டபம் பார்க்கலாமே என்றேன். "அந்த எடத்துலதான் அண்ணாச்சி நான் பாக்கணும்" என்றாள். சரி, அவளுடைய பணம், அவளுடைய மகள், நமக்கு என்ன என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த நேரத்தில், ஸ்பீக்கர் எங்கே வைப்பது என்று கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். வீடு நிறைய ஆள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் பாதி, கல்யாணத்தைச் சாக்கு வைத்து அருவியில் குளிக்க வந்தவர்கள் பாதி. தென்காசியில் வீடு இருந்தால் சீசனில் சொந்தம் பெருகிவிடும். ஜன்னல், நாற்காலி, சைக்கிள், கட்டில் சட்டம் எல்லாவற்றிலும் ஈரத் துண்டு. அத்தனை களேபரத்துக்கும் நடுவில் பெண்ணின் உம்மா தரையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் எடுத்து வைக்காம இங்கன என்ன செய்யுதே?"

"லினக்ஸ் போட்டிருக்கேன் அண்ணாச்சி."

"அது என்ன, பிரியாணில போடுறதா?"

அவள் சிரிக்கவில்லை. அதிலிருந்தே விவகாரம் பெரிது என்று தெரிந்தது. கம்ப்யூட்டரில் இருந்த பழைய சிஸ்டம் கொஞ்ச நாளாகவே படுத்தி எடுத்ததாம். போன வாரம் கடையநல்லூரில் ஒரு நிக்காஹில், மாப்பிள்ளை வாயைத் திறக்கும் நேரம் பார்த்து, காத்திருங்கள் என்று டிவியில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்ததாம். பெண்ணின் உம்மா இவளைப் பார்த்த பார்வையை இவளால் மறக்க முடியவில்லை. தன் மகள் கல்யாணத்தில் அந்த வட்டம் சுற்றக்கூடாது என்று முடிவு கட்டினாள். லினக்ஸ் என்பது வேறொரு சிஸ்டமாம், சும்மா கிடைக்குமாம், பழைய பெட்டியிலும் ஓடுமாம், நினைத்த நேரத்தில் வட்டம் சுற்றாதாம். உள்ளே இருந்த பழைய சிஸ்டத்தை அழித்துவிட்டு அதைப் போட்டுவிட்டாள்.

"அழிச்சிட்டியா? கல்யாணத்தை வச்சுக்கிட்டா? கிறுக்கு புடிச்சிருக்கா உனக்கு?" என்று கேட்டேன். எனக்கு நிஜமாகவே எரிச்சல். நான் ஒரு வயரைக்கூட முதல் நாள் மாற்ற மாட்டேன்.

திரையைப் பார்த்தேன். ஒரு மலைப் படம் அழகாக இருந்தது. அவ்வளவுதான். மெனு இல்லை, ஐகான் பொம்மைகள் இல்லை, மணி காட்டுகிற பட்டை இல்லை. மவுஸ் என்கிற அந்த எலியை ஆட்டினால் அம்பு ஓடியது. எதைத் திறந்தாலும் வரவில்லை. மறுபடி ஏற்றும்போது நோமோட்செட் என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தால் எல்லாம் தெரியும் என்று யாரோ நெட்டில் எழுதியிருந்தார்களாம். அப்படியும் செய்து காட்டினாள். மெனுவெல்லாம் வந்தது. ஆனால் சஃப்ரினும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்தபோது எடுத்த வீடியோவை ஓட்டினால் ஆள்கள் எல்லாரும் அகலவாட்டில் பெருத்துப்போய், நொண்டி நொண்டி நடந்தார்கள். சஃப்ரின் மாப்பிள்ளையின் முகம் உப்பிப் போய் அம்மைக்கட்டு வந்தவர் மாதிரி தெரிந்தது.

"இது போதாதா? முகம் தெரியுதுல்லா," என்றேன்.

"ஏன், நீங்க உங்க செட்டுல கரகரன்னு சத்தம் வந்தா போதும்னு விட்டுருவியளா?"

அவள் அந்த வார்த்தையை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினாள். மறுபடி வெறும் மலை.

ஹம்தான் எட்டிப் பார்த்தார். பாவம், லீவில் வந்த மனிதர், வந்த நாளிலிருந்து பந்தல்காரனுக்கும் பிரியாணிக்காரனுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தார். திருநெல்வேலியிலிருந்து பெரிய திரையும் அதை ஓட்ட ஆளும் வாடகைக்கு எடுக்கப் பார்த்ததாகவும், முகூர்த்த நாள் என்பதால் எதுவும் மிச்சம் இல்லை என்றும் சொன்னார். "என் போனை அங்கன ஒருத்தன்கிட்ட குடுத்து வீடியோ கால் போடச் சொல்லுதேன். நீ பாத்துக்கோ," என்றார்.

"சீசன் கூட்டத்துல சிக்னல் எடுக்குமா? எடுத்தாலும் நான் ஒருத்தி உள்ளங்கையில வச்சுப் பாக்கவா? மண்டபம் நெறய பொம்பளைய இருக்காவளே, அவுக என்ன செய்வாவ?"

ஹம்தானின் அக்கா ஜாஹிரா பீவி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டிக்குள் ஜின் இருக்கிறது, ஓதி ஊதினால் சரியாகும் என்றார்.

"ஜின்னு இருந்தா இருந்துட்டுப் போவுது மதினி. அதுக்காவது படம் தெரியுதான்னு கேட்டுச் சொல்லுங்க," என்றாள் சனோபர். சொல்லிவிட்டு முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா வேர்த்ததா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. அந்த மாதிரி சமயத்தில் பார்க்கக்கூடாது.

எனக்கு சும்மா உட்கார்ந்திருக்க வராது. எலியைப் பிடித்து இழுத்தேன். எனக்கும் அந்த எலிக்கும் பழக்கம் இல்லை. பாய் ஓரம் வரைக்கும் இழுத்துவிட்டேன் போலிருக்கிறது. திரையில் அம்பைக் காணவில்லை.

"ஏம்மா, அம்பு தொலைஞ்சு போச்சு."

"அது எப்படித் தொலையும்? ஓரத்துல முட்டி நிக்கும்."

"நிக்கலியே."

அவள் என் கையிலிருந்து எலியைப் பிடுங்கினாள். வலது பக்கம் தள்ளினாள், கொஞ்சம் பொறுத்து அம்பு வந்தது, வலது ஓரத்தில் முட்டி நின்றது. மேலே தள்ளினாள், முட்டி நின்றது. கீழே, அதுவும் முட்டியது. இடது பக்கம் தள்ளினாள். அம்பு ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டது. இன்னும் தள்ளினாள். வரவே இல்லை. திருப்பி வலது பக்கம் நெடுநேரம் இழுத்த பிறகு, எங்கேயோ வெளியூர் போய்விட்டு வந்த மாதிரி மெதுவாக உள்ளே வந்தது.

சனோபர் கையை எடுத்துவிட்டுத் திரையின் இடது பக்கத்து வெறும் சுவரைப் பார்த்தாள். அங்கே ஒரு ஈரத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது, வேறு ஒன்றும் இல்லை.

"அண்ணாச்சி," என்றாள். குரல் மாறியிருந்தது. "அங்கன ஒரு பக்கம் இருக்கு."

"எங்கன?"

"இதுக்கு அந்தப் பக்கம். மெனு, பட்டை, நான் தொறந்தது எல்லாம் அங்கன இருக்கு. எல்லாம் ஒழுங்காத்தான் நடந்துட்டிருக்கு அண்ணாச்சி. ஆம்பளைப் பக்கம் நடக்குது. நான் பொம்பளைப் பக்கம் உக்காந்து திரைச் சீலையைப் பாத்துட்டிருக்கேன்."

எனக்கு அது புரியச் சற்று நேரம் பிடித்தது. அவள் விளக்கினாள். பேக்கரியில் இருந்தபோது அந்தப் பெட்டிக்கு என்று சொந்தமாக ஒரு திரை இருந்தது அல்லவா, கடைக்காரர் கழற்றிக்கொண்டது? அது இன்னும் தன்னோடு இருப்பதாகவே பெட்டி நினைத்துக்கொண்டிருக்கிறது. பழைய சிஸ்டத்தில் யாரோ அதை அணைத்து வைத்திருந்தார்கள். அதை அழித்ததும் பெட்டி மறுபடி பழைய நினைப்புக்குப் போய்விட்டது. இல்லாத அந்தத் திரையைப் பெரிய திரை என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அங்கே காட்டுகிறது. நம் முன்னால் இருப்பது அதற்கு இரண்டாம்பட்சம், அதனால் சும்மா ஒரு மலையைப் போட்டு வைத்திருக்கிறது.

"சரி, இப்ப அங்கன போய் எப்படி அணைக்க?"

"போக வேண்டாம். இங்கன இழுத்துட்டு வருவோம்."

மலைப் படத்தின் மேல் எலியின் வலது பொத்தானை அழுத்தினால் ஒரு சின்ன மெனு வந்தது. அதில் டிஸ்ப்ளே என்று இருந்ததைத் தட்டினாள். ஒன்றும் தெரியவில்லை. அது அந்தப் பக்கம்தான் திறந்திருக்கும் என்றாள். அப்புறம் கீபோர்டில் இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்திவிட்டு, வலது அம்புக்குறியை அழுத்திக்கொண்டே இருந்தாள். கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜன்னலை, கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து அவள் தள்ளிக்கொண்டு வந்தாள். ஜாஹிரா பீவி வாசலிலிருந்து உள்ளேயே வந்துவிட்டார். "வாட்டி, வாட்டி, அங்கன என்னட்டி வேல உனக்கு" என்று சனோபர் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

இடது ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு எட்டிப் பார்த்தது. பிறகு அது அகலமாகி ஒரு ஜன்னலின் பாதி வந்தது. அதற்குள் இரண்டு கட்டங்கள். ஒன்றில் எங்கள் மானிட்டரின் பெயர். இன்னொன்றில், இல்லாத திரை. சனோபர் அதை அணைத்தாள். ஒரு விநாடி எல்லாம் இருண்டது. அப்புறம் மெனு, பட்டை, பொம்மைகள், அவள் காலையிலிருந்து திறந்து திறந்து பார்த்த ஜன்னல்கள் அத்தனையும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

வீடியோவை ஓட்டினாள். சஃப்ரின் மாப்பிள்ளையின் முகம் முகமாக இருந்தது. சனோபர் எழுந்து நின்று, "தென்காசியில என்னை மாதிரி..." என்று ஆரம்பித்தாள். "சரி சரி, போய் சீரை எடுத்து வையி" என்றேன். ஆனாலும் எனக்குச் சந்தோஷம்தான். அவளிடம் சொல்லவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். சனிக்கிழமை வீட்டில் விருந்தாளிப் பிள்ளைகள் அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டு நோண்டியிருக்கின்றன. குளிக்கப் போய்விட்டு வந்து, மழையில் வெளியே விளையாட முடியாமல், கேம் இருக்கிறதா என்று தேடியிருக்கின்றன. மண்டபத்திலும் எதையாவது அழித்துவிடப் போகிறதுகள் என்று பயந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியை அங்கே கொண்டு போய் மாட்டிய பிறகு, ஏற்றும்போதே பாஸ்வேர்டு கேட்கும்படி சனோபர் மாற்றி வைத்தாள். அதோடு ஆயிரம் வேலை. மாற்றிய பிறகு ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பார்க்கவில்லை.

நிக்காஹ் நேரத்துக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. திரைக்குப் பக்கத்தில், இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் சந்தில் ஒரு மேஜை. அதில் என் ஆம்ப்ளிஃபயர், பக்கத்தில் அவளுடைய பெட்டியும் சின்ன மானிட்டரும். அதே படம்தான் உள்ளே பெண்கள் பக்கத்துப் பெரிய டிவிக்கும் போகும். காலையிலேயே எல்லாம் ஓட்டிப் பார்த்துவிட்டாள். கேமரா இரண்டும் பளிச்சென்று வந்தன. பட்டுப் புடவையும் நகையுமாக அவள் பெண்கள் பக்கம் போய் முன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கேமராவை மாற்றுவதற்கு ஒரே ஒரு கட்டை, நேரம் வரும்போது அதை அழுத்தினால் போதும் என்று எனக்குக் காட்டிக் கொடுத்திருந்தாள். நான் செய்வேன் என்று அவள் நம்பியதே எனக்கு ஆச்சரியம்.

ஹஜ்ரத் மேடைக்கு வந்தபோது மழை பிடித்தது. சாரல் இல்லை, மழை. தகரத்தில் இறங்கிய இறக்கத்தில் என் ஸ்பீக்கரில் என்ன போகிறது என்று எனக்கே கேட்கவில்லை. குமிழைத் திருகினேன். திருகி என்ன செய்ய. அப்போது கரண்டு போனது. ஜெனரேட்டர் உடனே எடுத்துவிட்டது. லைட்டு வந்தது, என் செட்டு வந்தது. சனோபரின் பெட்டி மட்டும் மறுபடி முதலிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது.

ஏறி முடித்தது. திரை கறுப்பு. நடுவில் ஒரு அம்பு மட்டும். அந்த மலைகூட இல்லை.

சனோபர் துணித் திரையை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "நான் எதையும் தொடலம்மா, சத்தியமா தொடல" என்றேன். அவள் மானிட்டரைப் பார்த்தாள். பெண்கள் பக்கத்திலிருந்து, என்ன ஆச்சு, டிவி போச்சே என்று குரல்கள் வந்தன. மேடையில் ஹஜ்ரத் குத்பா ஓத ஆரம்பித்துவிட்டார். அவர் வாய் அசைவது தெரிந்தது, மழை மட்டும்தான் கேட்டது.

"நிறுத்தச் சொல்லவா? நான் போய் ஹம்தான்கிட்ட சொல்லுதேன்."

"வேண்டாம். என் மக நிக்காஹ டிவிக்காக நிறுத்தக்கூடாது."

"அப்ப என்னதான் செய்ய? மறுபடி அந்தப் பக்கம் போயிருச்சா?"

அவள் எலியை இடது பக்கம் தள்ளினாள். அம்பு ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டது. அவ்வளவுதான், அவளுக்கு உயிர் வந்தது. "வாசல் அந்தப் பக்கம் இருக்கு அண்ணாச்சி. பாஸ்வேர்டு கேட்டுட்டு நிக்குது. ஆள் உள்ள போற வரைக்கும் அதுக்கு நான் வெள்ளிக்கிழமை சொன்னது ஞாபகம் வராது. உள்ள போயிட்டா வந்துரும்."

"கேக்குறதே தெரியலியே, எங்கன போய் அடிப்ப?"

"தெரியாட்டி என்ன. நான் அடிக்கிறது அதுக்குத் தெரியும்லா."

வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டாள். கறுப்புத் திரையைப் பார்த்து, அங்கே ஏதோ எழுதியிருப்பதைப் படிக்கிற மாதிரி பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டியதால் அந்தப் பாஸ்வேர்டு எனக்கும் தெரிந்துபோனது, அதை யாருக்கும் சொல்ல மாட்டேன். கடைசிக் கட்டையை அழுத்தினாள். கறுப்பு. காத்திருந்தோம். கறுப்பேதான்.

மேடையில் ஹம்தான் மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்வது சந்து வழியாக எனக்குத் தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. யார் வீட்டுக் கல்யாணமோ, இத்தனை கல்யாணத்தில் எனக்கு இப்படி ஆனதில்லை. "ஒரு எழுத்து தப்பிருக்கும்மா. வளையல் பட்டிருக்கும். இன்னொரு தடவை அடி," என்றேன். மைக்கில் அதட்டுகிற குரலிலேயே சொல்லிவிட்டேன்.

அவள் வளையல்களைக் கழற்றி என் ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்தாள். மறுபடி அடித்தாள். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

ஒரு மினுக்கு. அப்புறம் அந்த மலை. அப்புறம் பட்டை, மெனு, எல்லாம் இந்தப் பக்கம். அவள் விரல்கள் ஓடின. கேமரா வந்தது. உள்ளே பெரிய டிவியில் மேடை வந்திருக்க வேண்டும், பெண்கள் பக்கம் எழுந்த சத்தம் மழையையும் மீறிக் கேட்டது.

"நீ போய் உக்காரு," என்றேன்.

"நீங்க மாத்திருவியளா?"

"மாத்துதேன், நீ போட்டி."

அவளை வாழ்க்கையில் அன்றைக்குத்தான் ஏட்டி போட்டுப் பேசினேன். அவள் போய்விட்டாள். நான் அந்த ஒரு கட்டையின் மேல் விரலை வைத்துக்கொண்டு சந்து வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹம்தான் ரிஃபாத்தின் கையைப் பிடித்ததும் அழுத்தினேன். இரண்டு கைகளும் திரை முழுக்க வந்தன.

மழையில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் மானிட்டரில் ஹம்தானின் கை நடுங்கியது எனக்கே தெரிந்தது. ஏசி மிஷினைக் கழற்றி மாட்டுகிற கை, வீட்டில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதரின் கை, கிடுகிடுவென்று நடுங்கியது. ரிஃபாத் இன்னொரு கையையும் கொடுத்து அதைப் பிடித்துக்கொண்டான். அவன் உதடு அசைந்தது. பெண்கள் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சற்று நேரம் கழித்து பேரீச்சம்பழத் தட்டு என்னைத் தாண்டி உள்ளே போனது. சனோபரின் குரல் கணீரென்று கேட்டது. "லேட்டா வருது. நாங்க எப்பமோ பாத்தாச்சு."

கூட்டம் பந்திக்குக் கலைந்தபோது அவள் வளையல்களை எடுக்க மேஜைக்கு வந்தாள். ஹம்தானும் ஆண்கள் பக்கத்திலிருந்து சந்துக்குள் வந்தார். மனைவியிடம் சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார். வழக்கம்போல, "நல்லா நடந்துச்சு," என்றார்.

"ஒங்க கை நடுங்குச்சு," என்றாள் சனோபர்.

அவர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார், பிடிபட்ட பிள்ளை மாதிரி. பிறகு தரையைப் பார்த்தபடியே சொன்னார். "சஃப்ரின் நிக்காஹ்லயும் நடுங்குச்சு."

சனோபர் அழுதாள். சிரித்துக்கொண்டே அழுதாள், மூக்கைச் சிந்திக்கொண்டு, பட்டுப் புடவை என்றும் பார்க்காமல் முந்தானையில் துடைத்துக்கொண்டு. ஹம்தானுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆம்ப்ளிஃபயர் மேல் இருந்த வளையல்களை எடுத்து ஒவ்வொன்றாக அவள் கையில் கொடுத்தார். நான் வயர் சுருட்டுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அவர் போன பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். பழைய சனோபர் வந்துவிட்டாள். "ஏன் அண்ணாச்சி, ஒங்க மைக்குல கை நடுங்குறது கேக்குமா?"

"கேக்காது," என்றேன்.

அடுத்த வாரம் கடையநல்லூர் மண்டபத்தில் நல்ல பிளக் பாயிண்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நானே என் வயரைப் பிடுங்கிவிட்டு, அதை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன். அந்த ஒரு கல்யாணத்துக்கு மட்டும்தான்.